ஸ்டாக்கில் எழுதாததை டீபக்கர் எப்படிப் படிக்கிறது?

சி மொழியில் ஒரு சின்ன நிரல். மெயினுக்குள் ஒருவருடைய பெயரை பிரிண்ட்எஃப் கொண்டு அச்சிடுகிறோம். பெயருக்குப் பின் ஒரு புது வரி, அவ்வளவுதான். பெயர் வர வேண்டிய இடத்தில் தவறுதலாக ஒரு நல் பாயின்டர், அதாவது எந்த இடத்தையும் காட்டாத வெற்று முகவரி, போய்விட்டது (பேரில் மட்டும்தான் நல்). லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் கொண்டு கட்டி ஓட்டினால், 'செக்மென்டேஷன் ஃபால்ட்' (தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டது) என்று சொல்லிவிட்டு நிரல் செத்துப்போகும். பிழை தேட உதவும் ஜிடிபி டீபக்கரைத் திறந்து பேக்ட்ரேஸ் (யார் யாரை அழைத்து இங்கே வந்தோம் என்ற பட்டியல்) கேட்டால் உச்சியில் நிற்பது நாம் எழுதவே எழுதாத ஒரு பெயர்: ஸ்டர்லென் ஏவிஎக்ஸ்2. அதற்குக் கீழே புட்ஸ். அதற்கும் கீழேதான் நம்முடைய மெயின்.

பிரிண்ட்எஃப் எங்கே போனது? ஒரு சரத்தையும் ஒரு புது வரியையும் அச்சிடுவது மட்டுமே வேலை என்றால், அதற்கு புட்ஸ் போதும் என்று ஜிசிசி தானாகவே மாற்றிவிடும். புட்ஸுக்குச் சரத்தின் நீளம் தெரிய வேண்டும். அதனால் அது ஸ்டர்லெனைக் கூப்பிடுகிறது. லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியில் ஸ்டர்லென் ஒன்றல்ல, பல. எந்தச் சிப்பில் ஓடுகிறோம் என்று பார்த்து, அதற்கு ஏற்ற ஒன்று தேர்ந்தெடுக்கப்படும். ஏவிஎக்ஸ்2 வசதி உள்ள சிப் என்றால் ஒரே மூச்சில் 32 பைட்டுகளைச் சோதிக்கும் வகை கிடைக்கும். அது கையாலேயே அசெம்பிளியில், அதாவது சிப்பின் ஆணைகளாகவே, எழுதப்பட்டது.

முதல் முறை இதைப் பார்த்தபோது லைப்ரரியில்தான் பிழை என்று முடிவுகட்டி ஒரு மதியத்தையே வீணடித்திருக்கிறேன். அதை விடுங்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. கையால் செதுக்கிய அந்த ஸ்டர்லென் ஸ்டாக்கை, அதாவது அழைப்புகளின் விவரங்கள் அடுக்கப்படும் நினைவகப் பகுதியை, தொடுவதே இல்லை. தன்னை யார் கூப்பிட்டார்கள் என்று எங்கேயும் குறித்து வைப்பதும் இல்லை. அப்படியிருக்க, கீழே இருப்பது புட்ஸ், அதற்குக் கீழே மெயின் என்று ஜிடிபிக்கு எப்படித் தெரிந்தது?

ஸ்டாக்கில் உண்மையில் என்ன இருக்கிறது

எக்ஸ்86-64 சிப்பில் ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது வன்பொருள் செய்வது ஒரே ஒரு காரியம். அழைப்பு முடிந்ததும் எந்த ஆணையிலிருந்து தொடர வேண்டுமோ, அதன் முகவரியை ஸ்டாக்கில் 8 பைட்டுகளாக வைத்துவிட்டுத் தாவுகிறது. இதுதான் ரிட்டர்ன் அட்ரஸ். படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தில் ஒரு சீட்டைச் செருகிவிட்டு வேறு வேலைக்கு எழுந்து போவது போல. வேலை முடிந்து திரும்பும் ஆணை வந்ததும் சீட்டை எடுத்து, அந்தப் பக்கத்தில் தொடர்கிறது.

கவனியுங்கள், சீட்டில் இருப்பது 'எங்கே திரும்ப வேண்டும்' என்பது மட்டுமே. யார் கூப்பிட்டது, யார் வழியாக வந்தது என்பதெல்லாம் அதில் கிடையாது. இந்த வேறுபாடு இப்போதைக்கு வழக்கறிஞர் பேச்சு போலத் தோன்றலாம். கொஞ்ச நேரத்தில் இதனால்தான் எல்லாத் தொல்லையும் வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டாக்கில் ரிட்டர்ன் அட்ரஸ் மட்டும் இருப்பதில்லை. உள்ளூர் மாறிகள், பத்திரப்படுத்தி வைத்த ரெஜிஸ்டர் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) மதிப்புகள், எப்போதோ முடிந்துபோன அழைப்புகள் விட்டுச்சென்ற குப்பை எல்லாம் கலந்து கிடக்கும். எதிலும் பெயர்ப்பலகை இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே வெறும் எண்கள். ஆர்எஸ்பி என்ற ரெஜிஸ்டர் ஸ்டாக்கின் தற்போதைய நுனியைக் காட்டும் (ஸ்டாக் சிறிய முகவரிகளை நோக்கி வளரும்). நுனியிலிருந்து எத்தனை பைட் தள்ளி அடுத்த சீட்டு இருக்கிறது என்று அது சொல்லாது.

பழைய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு ஃபங்ஷனும் உள்ளே நுழைந்ததும் ஆர்பிபி என்ற ரெஜிஸ்டரின் பழைய மதிப்பை ஸ்டாக்கில் வைத்துவிட்டு, அந்த இடத்தையே ஆர்பிபி காட்டும்படி செய்துவிடும். இதற்கு ஃப்ரேம் பாயின்டர் என்று பெயர். ஆர்பிபி காட்டும் இடத்தில் அழைத்தவருடைய ஆர்பிபி இருக்கும். அதற்கு 8 பைட் மேலே ரிட்டர்ன் அட்ரஸ் இருக்கும். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனால் அடிவரை போய்விடலாம். டீபக்கருக்கு இதைவிடச் சுலபமான வேலை கிடையாது.

ஆனால் இதற்கு ஒரு ரெஜிஸ்டர் முழுதாகச் செலவாகிறது. ஒவ்வொரு ஃபங்ஷனிலும் நுழைவிலும் முடிவிலும் கூடுதல் ஆணைகள் வேறு. 32 பிட் எக்ஸ்86-இல் பொதுப் பயன்பாட்டு ரெஜிஸ்டர்களே எட்டுதான். அதில் ஒன்றை இதற்கென ஒதுக்குவது பெரிய இழப்பு. 64 பிட்டில் பதினாறு இருக்கின்றன என்றாலும், வேகமாக ஓடும்படி ஆப்டிமைஸ் செய்யச் சொன்னால் ஜிசிசி வழக்கமாக ஃப்ரேம் பாயின்டரை விட்டுவிடும். 32 பிட் லினக்ஸுக்கும் 2011-இல் வந்த ஜிசிசி 4.6 முதல் அதுவே வழக்கமானது. ஆர்பிபி இன்னொரு சாதாரண ரெஜிஸ்டர் ஆகிவிடும். சங்கிலியும் அறுந்துபோகும்.

கல் இல்லாத வயலில் அளவை

வயலில் எல்லைக் கற்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். நில அளவையர் வந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க மாட்டார். புலப்படத்தை விரிப்பார்; தெரிந்த ஒரு புள்ளியிலிருந்து இத்தனை மீட்டர் என்று சங்கிலி பிடித்து, கல் இருந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். டீபக்கர் செய்வதும் இதுதான். புலப்படத்தை வரைந்து தருவது கம்பைலர்.

லினக்ஸில் இந்தப் படம் ஓர் அட்டவணையாக நிரல் கோப்பிலேயே ஈஹெச் ஃப்ரேம் என்ற பகுதியில் இருக்கிறது. அதன் வடிவம் ட்வார்ஃப் என்ற டீபக் தகவல் வடிவத்தை ஒட்டியது. சி++ மொழியில் ஓர் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எறியப்பட்டால், அதைப் பிடிக்கும் ஃபங்ஷன் வரை ஸ்டாக்கைப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். அதற்காக வந்த ஏற்பாடு இது. 64 பிட் லினக்ஸில் சி நிரல்களுக்கும் இது சேர்ந்தே வருகிறது.

அட்டவணை சொல்வது இவ்வளவுதான்: நிரலின் எந்த ஆணையில் நின்றாலும், 'இங்கிருந்து சிஎஃப்ஏ இத்தனை பைட் தூரத்தில் இருக்கிறது, இன்னின்ன ரெஜிஸ்டரின் பழைய மதிப்பு இன்னின்ன இடத்தில் இருக்கிறது'. அழைப்பு நடப்பதற்குச் சற்று முன்பு அழைத்தவருடைய ஸ்டாக் நுனி எங்கே இருந்ததோ, அந்த முகவரிக்குத்தான் சிஎஃப்ஏ என்று பெயர். ரிட்டர்ன் அட்ரஸ் எப்போதும் அதற்கு 8 பைட் கீழே இருக்கும்.

ஒரு ஃபங்ஷன் முதலில் ஆர்பிஎக்ஸ் ரெஜிஸ்டரை ஸ்டாக்கில் வைக்கிறது, அடுத்து உள்ளூர் மாறிகளுக்காக 32 பைட் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நுழைந்த கணத்தில் சிஎஃப்ஏ, ஆர்எஸ்பியிலிருந்து 8 தூரம். ஆர்பிஎக்ஸை வைத்ததும் 16. இடம் ஒதுக்கியதும் 48. வெளியேறும்போது இதே எண்கள் தலைகீழாக வரும். ஆக, ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு எண் என்று வைத்தால் போதாது. ஆணைக்கு ஆணை எண் மாறும். அதனால்தான் அதை அட்டவணை என்கிறோம்.

இப்போது நம் கிராஷுக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று முகவரிகளைச் சின்ன எண்களாக வைத்துக்கொள்கிறேன். ஸ்டர்லெனில் நிரல் விழுந்தபோது ஆர்எஸ்பி 1000. ஸ்டர்லென் ஸ்டாக்கைத் தொடவில்லை; எனவே அட்டவணைப்படி சிஎஃப்ஏ = ஆர்எஸ்பி + 8, அதாவது 1008. ரிட்டர்ன் அட்ரஸ் 1000-இல். அதைப் படித்தால் புட்ஸுக்குள் இருக்கும் ஓர் ஆணையின் முகவரி வருகிறது. சரி, கீழே இருப்பது புட்ஸ்.

புட்ஸின் பார்வையில் ஆர்எஸ்பி 1008. நம் கணக்கில் அது மூன்று ரெஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்தியிருக்கிறது, 24 பைட். ரிட்டர்ன் அட்ரஸுக்கு 8. அட்டவணை 'ஆர்எஸ்பி + 32' என்று சொல்லும். சிஎஃப்ஏ 1040, ரிட்டர்ன் அட்ரஸ் 1032-இல். அங்கே மெயினின் முகவரி. மெயின் 8 பைட் மட்டும் ஒதுக்கியிருக்கிறது. சிஎஃப்ஏ 1056, ரிட்டர்ன் அட்ரஸ் 1048-இல். அங்கே ஜிலிப்சியின் தொடக்கக் குறிமுறை. மூன்று சிஎஃப்ஏ எண்களும் 16-ஆல் மீதியின்றி வகுபடுவதைப் பார்த்தீர்களா? அழைக்கும்போது ஸ்டாக் நுனி 16-இன் மடங்காக இருக்க வேண்டும் என்பது எக்ஸ்86-64 லினக்ஸின் விதி. கையால் சரிபார்க்கும்போது கைகொடுக்கும்.

இடையில் ஒரு நுணுக்கம். சில ஃபங்ஷன்கள் தம் சிஎஃப்ஏவை ஆர்எஸ்பியிலிருந்து அல்ல, ஆர்பிபியிலிருந்து கணக்கிடச் சொல்லும். ஆனால் கிராஷ் நேரத்தில் ஆர்பிபியில் இருப்பது உள்ளே இருக்கும் வேறொருவர் போட்ட மதிப்பாக இருக்கலாம். அதனால் டீபக்கர் ஒவ்வொரு படி இறங்கும்போதும், பத்திரப்படுத்திய ரெஜிஸ்டர்களையும் பழைய மதிப்புக்குத் திருப்பிக்கொண்டே போகிறது. நுனியை மட்டும் நகர்த்தினால் போதாது. அழைப்பு நடந்த கணத்தில் அந்த ஃபங்ஷன் கண்ட ரெஜிஸ்டர்களை மீண்டும் உருவாக்க வேண்டும்.

கையால் எழுதியவர் கையாலேயே குறிக்க வேண்டும்

கம்பைலர் உருவாக்கும் குறிமுறைக்கு அட்டவணையும் கம்பைலரே தரும். அசெம்பிளியில் எழுதினால்? அசெம்பிளருக்கு எதுவும் தெரியாது. எழுதுபவர்தான் 'இங்கே ஃபங்ஷன் தொடங்குகிறது', 'இங்கே தூரம் 8 கூடிவிட்டது', 'இங்கே முடிகிறது' என்று சிஎஃப்ஐ எனப்படும் அட்டவணைக் குறிப்புகளைக் கூடவே எழுதிக்கொண்டு போக வேண்டும். ஜிலிப்சியில் அசெம்பிளி ஃபங்ஷனைத் தொடங்கும் மேக்ரோவிலேயே முதல் குறிப்பு அடங்கிவிடும். ஸ்டர்லென் போல ஸ்டாக்கைத் தொடாதவற்றுக்கு அதுவே போதும். ஒரு ரெஜிஸ்டரை ஸ்டாக்கில் வைத்துவிட்டுக் குறிப்பெழுத மறந்தால் கணக்கு 8 பைட் பிசகும். ரிட்டர்ன் அட்ரஸ் என்று நினைத்து, பத்திரப்படுத்திய ஏதோ ஒரு எண்ணை டீபக்கர் படிக்கும். அதிலிருந்து கீழே எல்லாம் கேள்விக்குறிகள். இதில் கொடுமை என்னவென்றால், நிரல் ஒழுங்காகவே ஓடும். தவறு இருப்பது அட்டவணையில்தான். கிராஷ் ஆகும் நாள் வரை யாருக்கும் தெரியாது.

இந்தக் குறிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது பிஎல்டி எனப்படும் இடைத்தாவல் பகுதிக்கானது. நம் நிரல் ஒரு பகிர்ந்த லைப்ரரிக்குள் இருக்கும் ஃபங்ஷனை அழைக்கும்போது, வழியில் 16 பைட் நீளமுள்ள ஒரு குட்டித் துண்டில் கால் வைத்துப் போகிறது. அதன் மரபான வடிவத்தில் முதல் 6 பைட் ஒரு தாவல், அடுத்த 5 பைட் ஸ்டாக்கில் ஓர் எண்ணை வைப்பது, கடைசி 5 பைட் இன்னொரு தாவல். இப்படிப்பட்ட துண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி எழுதினால் அட்டவணை ஊதிப்போகும். அதற்குப் பதில் ஒரே சூத்திரம் எழுதிவிட்டார்கள்: நிற்கும் ஆணையின் முகவரியை 16-ஆல் வகுத்தால் மீதி 11 அல்லது அதற்கு மேல் என்றால் தூரத்தில் 8 கூட்டு, இல்லையென்றால் கூட்டாதே. 6 + 5 = 11; அதாவது எண் வைக்கப்பட்டுவிட்டது என்று பொருள். ட்வார்ஃப் அட்டவணையில் இப்படிச் சூத்திரமே எழுத முடியும்.

திரும்பும் இடம் வேறு, வந்த வழி வேறு

முன்பே சொன்ன அந்த வழக்கறிஞர் வேறுபாட்டுக்கு வருவோம்.

ஒரு ஃபங்ஷனின் கடைசி ஆணை, நிரலை அங்கேயே நிறுத்திவிடும் அபார்ட்டை அழைப்பது என்று வையுங்கள். அபார்ட் திரும்பி வராது என்று கம்பைலருக்குத் தெரியும். எனவே அந்த அழைப்புக்குப் பின் ஓர் ஆணையும் போடாது. ஆனால் வன்பொருளுக்கு அது தெரியாதே! வழக்கம்போல அடுத்த ஆணையின் முகவரியைச் சீட்டில் எழுதுகிறது. அந்த அடுத்த ஆணை, நினைவகத்தில் பக்கத்தில் இருக்கும் வேறொரு ஃபங்ஷனின் முதல் வரியாக இருக்கலாம். சீட்டை அப்படியே நம்பினால் பக்கத்து வீட்டுக்காரர் மேல் பழி விழும். இதற்காகவே டீபக்கர்கள் ரிட்டர்ன் அட்ரஸிலிருந்து 1-ஐக் கழித்துவிட்டு அட்டவணையைப் பார்க்கின்றன. ஒரு பைட் பின்னால் போனால் அழைத்த ஆணைக்குள்ளேயே விழுவோம்.

ஆனால் எல்லா இடத்திலும் கழிக்கக் கூடாது. உச்சியில், கிராஷ் ஆன ஃபங்ஷனில், முகவரி துல்லியமானது. கெர்னல் (இயங்குதளத்தின் கரு) அனுப்பும் சிக்னல் குறுக்கிட்டு நிறுத்திய ஃபங்ஷனிலும் அப்படியே. ஜிடிபி 'சிக்னல் ஹேண்ட்லர் அழைக்கப்பட்டது' என்று ஒரு வரி காட்டுமே, அந்த இடம் இது. சிக்னல் முடிந்து திரும்பும் ஜிலிப்சியின் குட்டி ஃபங்ஷனுக்கு அட்டவணை கையால் எழுதப்பட்டது. யாரும் அதை அழைப்பதில்லை. கெர்னல்தான் அதன் முதல் முகவரியைச் சீட்டில் வைக்கிறது. அதிலிருந்து 1 கழித்தால் ஃபங்ஷனுக்கு வெளியே போய்விடும். அதனால் அதன் அட்டவணை வேண்டுமென்றே ஒரு பைட் முன்பே தொடங்குகிறது. முன்னால் சும்மா இருக்கும் ஓர் ஆணையும் போட்டிருக்கிறார்கள். எல்லாம் அந்த ஒரு கழித்தலுக்காக.

அடுத்தது டெயில் கால். பெயரை அச்சிடும் வேலையை ஒரு தனி ஃபங்ஷனாக, வேறொரு கோப்பில் எழுதுகிறோம். அதன் ஒரே வேலை புட்ஸை அழைப்பது. அதன் பின் செய்ய ஒன்றுமில்லை. ஓ2 அளவில் ஆப்டிமைஸ் செய்தால் கம்பைலர் யோசிக்கிறது: புட்ஸ் முடிந்து இங்கே வந்து, இங்கிருந்து மெயினுக்குப் போவது வெட்டி அலைச்சல். எனவே அழைப்புக்குப் பதில் வெறும் தாவல். புட்ஸ் முடிந்ததும் நேராக மெயினுக்குத் திரும்பும். பேக்ட்ரேஸில் ஸ்டர்லென், புட்ஸ், மெயின். நம் ஃபங்ஷன் ஓடியது உண்மை. ஸ்டாக்கில் அதன் தடயம் துளியும் இல்லை.

அதே ஃபங்ஷனை மெயின் இருக்கும் கோப்பிலேயே வைத்தால் கதை தலைகீழ். கம்பைலர் அதை மெயினுக்குள்ளேயே கரைத்துவிடும், இன்லைன் ஆகிவிட்டது. ஸ்டாக்கில் இப்போதும் அதற்கு இடம் இல்லை. ஆனால் டீபக் தகவலோடு கட்டியிருந்தால் ஜிடிபி அதைத் தனி வரியாகக் காட்டும். 'இந்த முகவரி முதல் இந்த முகவரி வரை உள்ளது இன்னாருடைய உடல்' என்று ட்வார்ஃப் குறித்து வைத்திருக்கிறது. ஜிடிபி அதைப் பார்த்து ஒரு கற்பனை ஃப்ரேமைச் செருகுகிறது.

தாவிப்போனதையும் சில நேரம் மீட்க முடியும். 2017-இல் வந்த ட்வார்ஃப் 5 அழைப்பு நடக்கும் இடங்களைப் பற்றிய தகவலையும் சேர்த்தே எழுத வழி செய்தது. ஜிசிசி அதற்கு முன்பே தன் சொந்த நீட்டிப்பாக இதை வைத்திருந்தது. மெயின் அழைத்தது நம் ஃபங்ஷனை, ஆனால் திரும்பக் காத்திருப்பது புட்ஸ் என்று ஜிடிபி கண்டால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவல் வழியாகப் போகும் பாதை ஒன்றே ஒன்றுதானா என்று தேடும். ஒன்றுதான் என்றால் இடையில் இருந்தவரைச் சேர்த்துக் காட்டும். இரண்டு பாதைகள் சாத்தியம் என்றால் ஊகிக்காமல் விட்டுவிடும். அப்படி விடுவது நல்ல குணம் என்றே சொல்வேன்.

கற்கள் திரும்பி வந்தன, ஆனாலும்

அட்டவணை முறையில் ஒரு குறை: மெதுவானது. ஒவ்வொரு படிக்கும் அட்டவணையைத் தேடி, அதில் சுருக்கி எழுதியிருப்பதை விரித்துக் கணக்கிட வேண்டும். கிராஷ் ஆன நிரலை ஆராயும்போது அவசரம் இல்லை. ஆனால் நிரல் எங்கே நேரம் செலவிடுகிறது என்று அளக்கும் பெர்ஃப் போன்ற புரொஃபைலர்கள் வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஸ்டாக்கைப் படிக்கும். லினக்ஸ் கெர்னலுக்குள் ட்வார்ஃப் கணக்குப் போடும் வசதி இல்லை. அதனால் பெர்ஃபை ட்வார்ஃப் முறையில் ஓட்டினால், ஒவ்வொரு முறையும் ஸ்டாக்கில் வழக்கமாக 8 கிலோபைட் வரை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொண்டு, கணக்கைப் பிறகு போடும். அழைப்புச் சங்கிலி அதைவிட ஆழமானால் அடி தெரியாது.

கெர்னல் தன் சொந்த ஸ்டாக்குக்கு வேறு வழி கண்டது. 2017-இல் வந்த 4.14 பதிப்பில் ஓர்க் என்ற எளிய அட்டவணை சேர்ந்தது. கையால் எழுதும் குறிப்புகளை அது பெரும்பாலும் நம்பியிருப்பதில்லை. ஆப்ஜ்டூல் என்ற கருவி, கட்டி முடித்த இயந்திர ஆணைகளையே படித்து அட்டவணையை உருவாக்கிவிடுகிறது.

பயனர் நிரல்களின் பக்கம், பழைய எல்லைக் கற்களையே திரும்ப நட்டார்கள். 2023-இல் வந்த ஃபெடோரா 38, 2024-இல் வந்த உபுண்டு 24.04 இரண்டும் தம் தொகுப்புகளை வழக்கமாக ஃப்ரேம் பாயின்டரோடு கட்டத் தொடங்கின. கொஞ்சம் வேகம் குறைந்தாலும் பரவாயில்லை என்ற முடிவு.

எல்லாம் தீர்ந்ததா? நம் ஸ்டர்லெனையே எடுத்துக்கொள்ளுங்கள். புட்ஸ் இப்போது ஆர்பிபியை ஒழுங்காக அமைக்கிறது. ஸ்டர்லென் கையால் எழுதியது, ஆர்பிபியைத் தொடாது. அது ஓடிக்கொண்டிருக்கும்போது புரொஃபைலர் எட்டிப் பார்க்கிறது. நிற்கும் இடம் ஸ்டர்லென். அடுத்து ஆர்பிபியைப் பிடிக்கிறது. அது புட்ஸின் ஃப்ரேமைக் காட்டுகிறது. அதற்கு 8 பைட் மேலே இருப்பது புட்ஸ் யாரிடம் திரும்பும் என்பது, அதாவது மெயின். பதிவாகும் சங்கிலி: ஸ்டர்லென், மெயின். நடுவில் இருந்த புட்ஸைக் காணோம். அதற்குத் திரும்பும் சீட்டு ஆர்எஸ்பியின் நுனியிலேயே இருக்கிறது. சங்கிலியை மட்டும் நம்பியவர் அங்கே பார்ப்பதில்லை. நினைவக நகல், சர நீளம் போன்ற கையால் செதுக்கிய ஃபங்ஷன்களில்தான் நிரல்கள் நிறைய நேரம் செலவிடும் என்பதால், புரொஃபைலில் 'இவர் ஏன் நேராக ஸ்டர்லெனைக் கூப்பிடுகிறார்?' என்று தோன்றினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

அப்புறம் அந்தக் கேள்விக்குறிகள். பேக்ட்ரேஸில் பெயருக்குப் பதில் இரண்டு கேள்விக்குறிகள் வந்தால் இரண்டு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். புதியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று, பெயர்கள் மட்டும் இல்லை. ஸ்ட்ரிப் செய்த (கூடுதல் தகவலை நீக்கிய) லைப்ரரியில், வெளியிலிருந்து அழைக்க முடியாத உள் ஃபங்ஷன்களின் பெயர்கள் போய்விடும். ஈஹெச் ஃப்ரேம் ஓடும்போதே தேவைப்படும் பகுதி என்பதால் தங்கிவிடும். கேள்விக்குறி இருந்தாலும் முகவரிகள் சரியாக இருக்கும், கீழே மெயின் வரை போய்ச் சேரும். டீபக் தகவல் தொகுப்பை நிறுவினால் பெயர்கள் வந்துவிடும். இரண்டாவது, கணக்கே பிசகிவிட்டது. அப்போது முகவரிகள் எந்த லைப்ரரியின் எல்லைக்குள்ளும் அடங்காது. 0, 1 போன்ற சின்ன எண்களோ, 41 41 41 41 என்று ஒரே எழுத்தின் வரிசையோ தெரியும். 41 என்பது பதினாறடிமான எண்முறையில் ஆங்கிலப் பெரிய ஏ எழுத்தின் எண். யாரோ ஒரு சரத்தை அளவுக்கு மீறி எழுதி, சீட்டுகளின் மேலேயே கொட்டிவிட்டார்கள் என்று பொருள். அங்கே டீபக் தகவலை நிறுவிப் பயனில்லை. ஆர்எஸ்பியிலிருந்து இருபது முப்பது எண்களை அப்படியே அச்சிட்டு, எது லைப்ரரி எல்லைக்குள் விழுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான்.